சீட்டு மட்டும் களத்துக்கு வந்தது: ஒரு மலையகத் தோட்டத்தின் இரண்டு சேவல் ஏலங்கள்

என்னிடம் இரண்டு கொப்பிகள் இருக்கின்றன. ஒன்றில் 2022 ஒக்டோபர் 16ஆந் திகதி நடந்த ஏலத்தின் கணக்கு. மற்றதில் 2023 நவம்பர் 5ஆந் திகதி நடந்த ஏலத்தின் கணக்கு. இரண்டும் தீபாவளியை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமைகள். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிஷனில், ஒரே பிரட்டுக்களத்தில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் களம்), ஏறக்குறைய அதே ஆட்களோடு நடந்தவை. முதலாவதில் ஒரு கோழி சராசரியாக 870 ரூபாய்க்குப் போனது. அடுத்த மூன்று வாரத்துக்குள் 63 கோழிகளைக் குழி வெட்டிப் புதைத்தோம். இரண்டாவதில் சராசரி 1,640 ரூபாய். ஏலத்துக்குப் பிறகு ஒரு கோழியும் சாகவில்லை.

முதல் ஏலத்தை முன்னின்று நடத்தியவன் நான்தான். அதே டிவிஷனில் பிறந்து, இப்போது அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். வேறு தோட்டங்களிலும் இப்படி ஏலம் வைக்க யோசிக்கிறவர்கள் உண்டு என்று தெரியும். அவர்கள் எங்கள் முதல் கொப்பியைத் தாண்டி நேராக இரண்டாவதில் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

சேவல்கள் எப்படி மிஞ்சின என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். சோளம் குறைந்தது. 2022இல் டொலர் இல்லாமல் இறக்குமதியும் தடைப்பட்டது. கோழித்தீவனம் வாங்க முடியாமல் பண்ணைகள் மூடப்பட்டன. அந்த ஓகஸ்டில் அரசாங்கம் முட்டைக்கு 43, 45 ரூபாய் என்று உச்ச விலை போட்டது. கடையில் அந்த விலைக்கு முட்டை கிடைக்கவில்லை. பிள்ளைகளுக்கு முட்டை வேண்டுமே. லயத்துக்கு லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) அடை வைத்தார்கள். பழைய கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் தாய்க்கோழியும் குஞ்சும். குளிருக்குக் கரிச்சட்டி. 21 நாளில் பொரித்த குஞ்சுகளில் பாதி சேவல். இதை யாராலும் மாற்ற முடியாது. எட்டுப் பத்துப் பேட்டுக்கு (பெட்டைக் கோழிக்கு) ஒரு சேவல் போதும். மற்றவை ஐந்து மாதமானதும் ஒன்றையொன்று கொத்திக் கிழிக்கத் தொடங்கும். வளர்ச்சி நின்ற பிறகும் ஒவ்வொன்றும் நாளுக்கு 80 முதல் 100 கிராம் வரை தீனி தின்னும். நாலு சேவலை மூன்று மாதம் சும்மா வைத்திருந்தால் 30 கிலோவுக்கு மேல் தீனி போய்விடும். ஆட்டிலும் அதே கதைதான். மறி (பெட்டை ஆடு) நிற்கும், கிடாய் போக வேண்டும்.

போகிற வழி கோழி யாவாரி மட்டும். சைக்கிளில் வந்தவர் பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தார், பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு. நிறுப்பதில்லை. சேவலைக் காலில் பிடித்துத் தூக்கி, ஒருதரம் ஆட்டிப் பார்த்து, விலை சொல்வார். அவர் வரும் நேரத்தை நான் கவனித்தேன். பெண்கள் மலைக்கு ஏறிய பிறகு, வீட்டில் வயசானவர்கள் மட்டும் இருக்கும் காலைப்பொழுது. மாதத்தில் சம்பளத்துக்கு முந்திய வாரம். கையில் காசு வற்றிக் கிடக்கும் வாரம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் சம்பள நாள் தெரியும், அவ்வளவுதான். அன்று ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபாய். ஆறு மாதம் வளர்த்த சேவல் ஒரு நாள் சம்பளத்துக்குக்கூடப் பெறவில்லை.

ஏலம் என்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. திருவிழா முடிந்த இரவில் கோயில் ஏலம் நடக்காத தோட்டம் ஏது? எலுமிச்சம்பழமும் மாம்பழமும் அம்மனுக்குச் சாத்திய சேலையும், நேர்ந்து விட்ட சேவலும் ஏலத்துக்கு வரும். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று கூவுவதற்குக் குரல்வளமுள்ள ஒரு மாமா எப்போதும் இருப்பார். ஐம்பது ரூபாய்ப் பழம் ஐயாயிரத்துக்குப் போவதையும் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. சேவல்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, நாலு யாவாரியைக் கூப்பிட்டு, கூவி விற்றால் என்ன?

என் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. கோயில் ஏலத்தில் விலை ஏறுவது பொருளுக்காக இல்லை. சாமிக்குக் கொடுக்கிற காசு அது. ஊர் முன்னால் பேர் விளங்குகிற காசு. பணத்தை அடுத்த திருவிழாவுக்குள் கட்டினால் போதும். இந்த மூன்றும் சேவல் ஏலத்தில் இல்லை. நான் எடுத்துக்கொண்டது மாமாவின் குரலை மட்டும்.

முதல் ஏலத்துக்கு 11 வீடுகளிலிருந்து 46 கோழிகள் வந்தன. 38 சேவல், எட்டு முட்டை நின்ற பேடு. கிடாய்க்குட்டி ஐந்து. இரண்டு சோடி முயல். களத்தின் ஓரத்தில், மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டிகளில் வீடு பாராமல் கலந்து அடைத்தோம். பெட்டி போதாததால் சிலதைக் காலைக் கட்டிப் புல்லில் போட்டோம். இப்போது எழுதும்போதும் அது உறுத்துகிறது. மூன்று யாவாரிகள் வந்தார்கள். முதல் நாலைந்து சேவல் சுமாரான விலைக்குப் போனது. பிறகு ஒருவர் கேட்டால் மற்ற இருவர் வாயைத் திறக்கவில்லை. இவருக்கு இந்தச் சேவல், அவருக்கு அடுத்தது. தேநீர் குடிக்கப் போன இடத்தில் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. வாங்குகிறவர்கள் மூன்று பேர்தான் என்றால், அவர்கள் ஒன்றுசேர ஒரு பிளேன்டி போதும்.

கோயில் பழக்கத்தில் கேட்டவர்களும் இருந்தார்கள். பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் உற்சாகத்தில் 1,500 வரை கேட்டு ஒரு சேவலை எடுத்தார். காசைக் கேட்டால், “சம்பளத்துக்குத் தாரேன் சார், எங்க ஓடப்போறேன்?” என்றார். அந்த 1,500இல் 700 இன்னும் வரவில்லை. பின்னேரம் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. யாவாரிகள் போய்விட்டார்கள். விற்றது 27 கோழி. மிச்சம் 19.

விலை பிடிக்கவில்லை என்றால் விற்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று நான் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். யாவாரி வாசலில் நிற்கும்போது இல்லாத அந்த உரிமை ஏலத்தில் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் சீக்கு வீடு வந்து சேர்ந்தது அந்த உரிமையின் வழியாகத்தான்.

19 கோழிகளும் திரும்பி வந்து பழைய கூட்டிலேயே ஏறின. எட்டாம் நாள் பின்லயத்தில் ஒரு சேவல் கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பச்சையாகக் கழிந்தது. வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. அடுத்த நாள் அதன் கூட்டில் மூன்று. பிறகு எண்ண முடியவில்லை. பெரியவர்கள் கோழிச் சீக்கு என்றார்கள். மிருக வைத்தியர் வந்து பார்த்து ரானிக்கட் என்றார். எந்த வீட்டுக் கோழி அதைக் களத்துக்குக் கொண்டு வந்தது என்று நாங்கள் தேடவில்லை. தேடியிருந்தால் ஒரு குடும்பத்தை ஊரே பழித்திருக்கும். உடம்பில் ஏறிய பிறகு ஐந்தாறு நாள் வெளியே தெரியாது. இரண்டு வாரம்கூடப் போகலாம். களத்தில் எல்லாம் நல்ல கோழியாகத்தான் நின்றன. செத்தவற்றில் முக்கால்வாசி பேடும் குஞ்சும். விற்கவே வராதவை. சின்னம்மா ஒருத்தி ஒரு கோழியையும் ஏலத்துக்குக் கொண்டு வரவில்லை. அவளுடைய 12 கோழியும் போயின. “நான் ஏலமும் கேக்கல, ஒன்னும் கேக்கல தம்பி” என்று மட்டும் சொன்னாள். எனக்குப் பதில் இல்லை.

அந்த வருஷம் முழுக்க ஏலம் என்ற பேச்சே எடுபடவில்லை. பேச்சைத் திரும்ப எடுத்தவர் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியப்பா ஒருவர். 2023 பங்குனித் திருவிழா முடிந்து கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். நான் என் கணக்கைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் கேட்டார்: “நம்ம தூளு கொழும்புல ஏலத்துக்குப் போவுதே, மூட்டையக் கொண்டாந்து அந்த ஹோலுக்குள்ளயா அடுக்குறான்?”

“இல்ல பெரியப்பா. சாம்பிள்தான் போகும்.”

“அப்பறம் நீ என்னாத்துக்கு கோழிய தூக்கிக்கிட்டுக் களத்துக்கு வந்த?”

கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883 ஜூலை 30ஆந் திகதி. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து நாங்கள் பறித்த கொழுந்து அங்கே விலையாகியிருக்கிறது. அதை நேரில் கண்ட ஒருவரும் எங்கள் லயத்தில் இல்லை. ஆனால் அது நடக்கும் முறை ஸ்டோர்க்காரர்களுக்குத் தெரியும். தூள் மூட்டை குடோனில் கிடக்கும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு நம்பர். ஏலத்துக்கு முன்பே சாம்பிள் வாங்குகிறவர்களின் கைக்குப் போய்விடும். அவர்கள் ஊற்றிக் குடித்துப் பார்த்து, எவ்வளவு வரை கேட்கலாம் என்று முடிவு செய்துகொண்டு வருவார்கள். முன்பு ஏல நாளில் மண்டபத்தில் நம்பரும் விலையும்தான் பேசின. 2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது மண்டபமும் இல்லாமல் கணினி வழியாகவே ஏலம் நடக்கத் தொடங்கியது. விலை சரிவராவிட்டால் அந்தத் தொகுதியை விற்காமல் நிறுத்திவிடலாம். மூட்டை அசையாமலே இருக்கும்.

இரண்டாவது ஏலம் இதிலிருந்து வந்தது. கோழி கூட்டிலேயே நிற்கும். களத்துக்குச் சீட்டு மட்டும் வரும். விலை வராவிட்டால் சீட்டு வீட்டுக்குத் திரும்பும். சீட்டில் சீக்கு ஒட்டாது.

தடுப்பு மருந்துதான் முதல் வேலை. ரானிக்கட் மருந்துக் குப்பி ஒரு வீட்டுக்கென்று வருவதில்லை, நூறு கோழிக்கோ அதற்கு மேலோ போதுமான அளவில் வரும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டு வர வேண்டும். கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். அதனால்தான் பத்துக் கோழி வைத்திருக்கிறவர் தனியாகப் போடுவதில்லை. நாங்கள் லயம் முழுவதற்கும் ஒரே காலையில் போட்டோம். ஏலத்தில் சேர்கிறவர், சேராதவர் என்று பார்க்கவில்லை. சின்னம்மாவின் புதுக் குஞ்சுகளுக்குத்தான் முதலில் போட்டோம். குடிநீரில் கலந்து கொடுத்தவர்களுக்குப் பீலித் தண்ணீர் (மலை ஊற்று நீர்) உதவியது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மருந்தைக் கெடுத்துவிடும். எதிர்ப்பு வருவதற்கு இரண்டு வாரமாவது வேண்டும் என்பதால் ஏலத்துக்கு ஐந்து வாரம் முன்பே தொடங்கி, இடையில் இன்னொரு முறையும் போட்டோம்.

அடுத்தது நிறுவை. இது நான் நினைத்ததைவிடப் பெரிய பேச்சாகிவிட்டது. தராசு என்றாலே எங்கள் பெண்களுக்கு ஒரு கசப்பு உண்டு. கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கிலோவாகக் கழித்ததைப் பார்த்தவர்கள். “கோழிக்கும் கழிப்பீங்களா சார்?” என்று ஒரு அக்கா நேராகவே கேட்டார். அவர் கேட்டது நியாயம். ஆகவே வெறும் பையை முதலில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்து, அந்த எடையைச் சீட்டின் தலைப்பிலேயே எழுதினோம். கோழியின் சொந்தக்காரரே முள்ளை வாசித்தார், பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. ஒவ்வொரு சீட்டிலும் நம்பர், எடை, நிறம், எத்தனை மாதம், மருந்து போட்ட திகதி. மடித்த பக்கத்தில் சொந்தக்காரரின் அடிவிலை. அதை ஏலம் விடுகிறவர் மட்டும் பார்ப்பார்.

வாங்குகிறவர்கள் காலை ஏழு மணி முதல் பார்க்க வந்தார்கள். கூட்டடிக்கு யாரையும் விடவில்லை. பார்க்க வருகிறவரின் செருப்பே கூட்டுக்குக் கூடு சீக்கைச் சுமக்கும். லயத்துத் தலைப்பில் சுண்ணாம்புத் தண்ணீர் நனைத்த சாக்கு. மிதித்துவிட்டு வாசலில் நின்றால், வீட்டுக்காரர் தன் சேவலைத் தானே தூக்கிக் காட்டுவார். வந்தவர் கை படாது. யாவாரி ஒருவருக்கு இது கோபம். பிடித்துப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்றார். எடை எழுதியிருக்கிறதே, பிடித்து என்ன பார்க்கப் போகிறீர்கள் என்றோம். முணுமுணுத்துக்கொண்டே நின்றார், போகவில்லை.

அவர் போகாததற்குக் காரணம் கூட்டம். இந்தமுறை யாவாரிகளை மட்டும் நம்பவில்லை. பக்கத்து டிவிஷன்களின் கோயில் கமிட்டிகளுக்குச் சொன்னோம், டவுன் சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கும் தோட்ட உத்தியோகத்தர் வீடுகளுக்கும் கீழே சிங்களக் கிராமத்துக்கும் சொன்னோம். முந்தின நாள் பின்னேரம் தப்படித்து லயம் லயமாக அறிவித்தோம். தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்த ஞாயிறாகப் பார்த்து வைத்ததும் இதற்காகத்தான். யாவாரி எங்கள் சம்பள நாளைக் கணக்குப் பார்த்தார் அல்லவா, நாங்களும் பார்த்தோம். களத்தில் நின்று கேட்டவர்கள் 20 பேருக்கு மேல். அத்தனை பேரைத் தேநீருக்குக் கூட்டிப்போய்ப் பேசி முடிக்க எந்த யாவாரிக்கும் நேரமில்லை.

ஒன்பது வீடுகளின் 34 சேவலுக்குச் சீட்டு வந்தது. 29 விற்றன. கைக்காசு மட்டும், காசு கொடுத்தால் சீட்டு, சீட்டைக் காட்டினால் சேவல். வாங்கியவர் வாசலில் போய்த் தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். மொத்தம் 47,560 ரூபாய். அந்த மாதம் யாவாரி லயத்தில் சொன்ன விலை 1,100. சீட்டுக்கு 50 ரூபாய் வீதம் எடுத்த 1,700இல் மருந்தும் மைக் வாடகையும் போனது. அடிவிலை எட்டாத ஐந்து சேவலும் கூட்டை விட்டே இறங்கவில்லை.

ஒரு சேவலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெருப்பு நிறம், ஊனமில்லாத கொண்டை. முனியாண்டிக்கு நேர்ந்திருந்த இரண்டு குடும்பங்கள் அதையே கேட்டன. நேர்த்திக்கு வாங்கும் சேவலுக்குப் பேரம் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. அதனால் இரண்டு பேருமே பின்வாங்கவில்லை. 3,400இல் நின்றது. களம் கைதட்டியது. எடுத்தவர் கொழுந்தெடுக்கும் பெண், மகனின் சுகத்துக்காக நேர்ந்தவர். காசை எண்ணிக் கொடுத்தபோது அவர் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. விற்ற வீட்டுக்கு லாபம், உண்மை. ஆனால் பின்வாங்க முடியாத இருவரை ஒருவரையொருவர் எதிர்த்துக் கேட்க வைத்து ஏற்றிய விலை அது. யாவாரி எங்களிடம் செய்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று அன்றிரவு யோசித்தேன். நேர்த்திச் சேவலுக்கு நிலையான விலை வைத்து, முதலில் கேட்டவருக்குக் கொடுத்துவிட வேண்டும், ஏலத்தில் சேர்க்கக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள், எல்லோரும் இல்லை.

ஆட்டுக்குக் கதை வேறு. நாலு கிடாய் இருந்தன. கோழி நிறுத்த தராசில் தூக்க முடியாமல் சாக்கில் கட்டி மரத்தில் தொங்கவிட்டு நிறுத்தோம். வெளியூருக்கு லொறியில் ஏற்றுவதானால் கையில் அனுமதிக் கடுதாசி இருக்க வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமை கிடைக்காது. ஆகவே அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் முந்திய வாரமே சொல்லி ஆடுகளைக் காட்டி வைத்தோம். கம்பளைப் பக்கத்திலிருந்து வந்தவர் மூன்றை எடுத்துப் பாதிப் பணம் கட்டினார்; கடுதாசி வந்த புதன்கிழமை மீதியைக் கட்டி ஏற்றினார். நாலாவது கிடாயைச் சொந்தக்காரரே நிறுத்திக்கொண்டார். முயலை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பக்கம் முயலை வளர்க்கத் தெரிந்த அளவுக்குச் சமைக்கத் தெரியாது.

தொடர்ந்து செய்ய நினைப்பவர்களுக்கு இன்னொன்று. ஏலம் விடுவதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும் என்று இலங்கையில் பழைய சட்டமொன்று இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர் கூடுவது ஒன்று, மாதாமாதம் காசு வாங்கி நடத்துவது வேறு. பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. நாளைத் தெரிவு செய்யும்போது போயாவையும் (பௌர்ணமி விடுமுறையையும்) பாருங்கள். அன்று இறைச்சிக் கடை மூடியிருக்கும், கடைக்காரர் வரமாட்டார். புரட்டாசிச் சனியையும் கந்தசஷ்டியையும் ஐயப்பனுக்கு மாலை போடும் காலத்தையும் எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

முட்டை நின்ற பேடுகளுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. சீட்டில் வயசை எழுதினால் கேட்க ஆளில்லை. எழுதாமல் விட எங்களுக்கு மனமில்லை.

2024இல் கீழ் லயத்தில் பன்றி வளர்க்கும் மூன்று பேர் தங்களுக்கும் சீட்டு எழுதச் சொல்லி வந்தார்கள். வீட்டில் கட்டியே வைத்திருப்போம், களத்துக்குக் கொண்டு வர மாட்டோம், உங்கள் முறையேதான் என்றார்கள். அந்த ஒக்டோபரில் நாட்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியாகியிருந்தது. அதற்குத் தடுப்பு மருந்து போட எங்களிடம் வழியில்லை. வாங்க வருகிறவர் ஐந்து பட்டியை மிதித்துவிட்டு வருவார். சாக்கில் நனைத்த சுண்ணாம்பை நம்பி அவரை வாசலுக்கு விட எனக்குத் துணிவு வரவில்லை. முடியாது என்றேன். மூவரில் ஒருவர் சின்னம்மாவின் மருமகன். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “சரி சார், அத்தையும் அப்பிடித்தான் சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் சேவலுக்கு மட்டும் சீட்டு எழுதினோம்.